பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனைக் கூடத்தில் ஆரம்பித்தது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் என்னிடம் வந்தாள். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் ஏதோ கருத்துக் கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்றேன்.

"பரவாயில்ல சார், சும்மாதானே உக்காந்திருக்கீங்க. ரெண்டு நிமிஷம்."

அவள் கேள்வி கேட்டாள், நான் விழித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் 'தெரியாது' என்ற கட்டத்தில் அவளே டிக் அடித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள். மழை விட்டதும் நானும் கிளம்பிவிட்டேன்.

ஆனால் என் பெயரில் விழுந்த அந்தத் 'தெரியாது'கள் யாருடைய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும் என்கிற நினைப்பு மட்டும் விடவில்லை. நிஜமாகவே ஒரு கட்டிலின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற ஒருத்தியின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அவள் மழைக்கு ஒதுங்க மருத்துவமனைக்கு வரமாட்டாள். வாசலைத் தாண்டவே அவளுக்கு நேரம் இருக்காது.

அந்த ஒருத்தியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்து வெகு நாளாயிற்று, இடுப்பு வலிதான் மிச்சம். இது எத்தனையாவது பிரதி என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'கதவு தட்டப்பட்டபோது அவள் அண்ணனின் முதுகைத் துடைத்துக்கொண்டி'

வேண்டாம். கதவு தட்டி ஆரம்பிக்கிற கதைகள் ஏற்கெனவே எக்கச்சக்கம்.

இரண்டாம் தொடக்கம்: 'ஒரு தொகுதியின் ஒவ்வோர் உறுப்புக்கும் தெரிவு செய்யப்படுவதற்கான வாய்ப்பு சமமாக இருக்கும்படி'

இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. படிக்கிற உங்களை என்ன சொல்வது.

மூன்றாம் தொடக்கம். நல்லதோ கெட்டதோ, இதோடு நின்றுகொள்கிறேன்:

அக்காவுக்கு அலுவலகத்தில் 'மூணு தடவை' என்று பெயர்.

முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே 'மேடம்'. நமக்கு, இந்தக் கதையில், அக்கா. டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை வருகிற ஒரு சின்ன ஆய்வு அலுவலகம் அது. அக்கா அங்கே புள்ளியியல் பார்க்கிறாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது களப்பணியாளர்களின் வேலை. அறிக்கை எழுதுவது இயக்குநரின் வேலை. யாரைக் கேட்பது என்று முடிவு செய்வது அக்காவின் வேலை. எல்லோரையும் கேட்க முடியாது. கொஞ்சம் பேரைக் கேட்டுவிட்டு எல்லோரையும் பற்றிப் பேசியாக வேண்டும். அந்தக் கொஞ்சம் பேரைப் பொறுக்குவதில் கோளாறு நடந்துவிட்டால், அப்புறம் எப்பேர்ப்பட்ட கணக்குப் போட்டும் பிரயோஜனமில்லை.

அக்காவின் விதி எளிது. குலுக்கலில் விழுந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் இன்னொரு வேளையில் திரும்பிப் போக வேண்டும். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூன்றாவது தடவையும் நடக்கவில்லையென்றால் 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடலாம். பக்கத்து வீட்டில் மட்டும் கேட்கக் கூடாது.

வெயிலில் நடக்கிறவர்களுக்கு இந்த விதியின் மேல் எவ்வளவு பாசம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களில் மூத்தவள் ஒருத்தி, மழையோ வெயிலோ குடையில்லாமல் படியிறங்க மாட்டாள். எல்லோருக்கும் அவள் குடைக்காரி. அவள்தான் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"பக்கத்து வீடும் வீடுதானே மேடம்?"

"வீடுதான். ஆனா அவங்க கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கதவத் திறக்க முடியாத வீட்ல என்ன நடக்குதுன்னு அவங்கள எப்படிக் கேக்கறது?"

குடைக்காரி குடையை உதறிவிட்டுப் படியிறங்கினாள்.

(அக்காவை இவ்வளவு கறாராக எழுதியிருக்க வேண்டாமோ என்று ஒரு சந்தேகம். கறாரான பெண் ஒருத்தி கதைக்குள் வந்துவிட்டால், கடைசிப் பக்கத்துக்குள் அவளை அழவைத்தே தீர வேண்டும் என்று எழுதுகிறவனுக்குக் கை அரிக்கும். எனக்கும் அரிக்கிறது. கையைக் கட்டிக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.)

3

புதிதாக ஒரு வேலை வந்தது. படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே நர்ஸை அனுப்புகிற திட்டம் ஒன்றை நகரத்தின் சுகாதார அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தது. அதைத் தொடர்வதா, மூடுவதா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பார்த்துக்கொள்கிறவர்களின் நிலைமையைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள்.

இயக்குநர் வயிற்றெரிச்சல்காரர். சட்டைப் பையில் மாத்திரை இல்லாமல் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார். ஒன்றைச் சப்பிக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரி ஹால்ல ரெண்டு பேர நிறுத்துவோம்மா. ஒரு வாரத்துல முடிஞ்சுரும்."

"ஆஸ்பத்திரிக்கு வர முடிஞ்சவங்கள மட்டும் கேட்டா, நிலைமை ஒண்ணும் அவ்வளவு மோசமில்லன்னுதான் சார் பதில் வரும். திட்டத்த மூடிருவாங்க."

"சரி, கோட்டா போட்டுக்கலாம். இத்தனை ஆம்பள, இத்தனை பொம்பள, இத்தனை வயசானவங்க. அவங்கவங்களே வீட்டப் பாத்து எடுத்துக்கட்டும்."

"நாய் இல்லாத வீடா, மாடிப்படி இல்லாத வீடா எடுப்பாங்க சார்."

இயக்குநர் இன்னொரு மாத்திரையைப் பிரித்தார். அவர் கெட்டவரில்லை. அசதிதான். அக்காவுக்கும் அசதிதான். இரண்டு அசதிகள் மோதினால் அதிகப் பிடிவாதமுள்ள அசதி ஜெயிக்கும்.*

முடிவில் அக்காவின் வழிதான் நின்றது. நர்ஸ் வருகைக்காகப் பதிந்துகொண்ட அத்தனை வீடுகளையும் எடுத்துக்கொள்வது. அதில் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிற வீடுகளுக்குப் போவது. வீட்டில் யார் முக்கியமாகக் கவனித்துக்கொள்கிறார்களோ அவரை, வேறு யாரும் பக்கத்தில் இல்லாமல், தனியாகக் கேட்பது.

இயக்குநருக்கு ஒரு குறை மட்டும் மிச்சமிருந்தது.

"அந்தப் பதினாலாவது கேள்விய எடுத்துரலாமே. யாரும்மா இதுக்கு ஆமான்னு சொல்வாங்க?"

"கேட்டாத்தானே சார் தெரியும்."

பதினாலாவது கேள்வியை எழுதியது அக்கா. அது இது: 'கடந்த ஒரு மாதத்தில், இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா?' அடிக்கடி, சில சமயம், இல்லை, பதில் சொல்ல விருப்பமில்லை என்று நான்கு கட்டங்கள்.

* இந்த வரியை ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி சேர்த்தேன். புத்திசாலித்தனமாக இருக்கிற வரிகளை நம்பக் கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்கும் அசதி.

4

குலுக்கல் என்றதும் ஏதோ விழா மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பொத்தான், அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா அதை அழுத்தினாள். திரையில் முகவரிகள் வரிசையாக விழுந்தன. எல்லாப் பகுதியும் வந்திருக்கிறதா என்று கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

அது அவள் வீடு.

வீட்டில் படுக்கையில் கிடக்கிற அண்ணனுக்காக நர்ஸ் வருகைக்குப் பதிந்தது அவளேதான். ஆனால் தன் வீடும் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. வீடுகள் என்றால் மற்றவர்களின் வீடுகள். ஊரையே எண்ணுகிறவர்கள் செய்கிற தப்பு இது.

முன்னாலேயே யோசித்திருந்தால், 'ஆய்வு நடத்துகிறவர்களின் வீடுகள் சேராது' என்று திட்டத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். குலுக்குவதற்கு முன் எழுதினால் அது விதி. குலுக்கிய பிறகு எழுதினால் பித்தலாட்டம். இந்த வித்தியாசத்தை இரண்டு தலைமுறைக் களப்பணியாளர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்.

பொத்தானை மறுபடி அழுத்தினால் வேறு வீடுகள் வரும். யாருக்கும் தெரியப் போவதில்லை. விரல் அதன் மேலேயே இருந்தது. கை கழுவப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவள் பட்டியலை அச்சுக்கு அனுப்பினாள்.

5

இங்கே ஒரு நிமிஷம் கதையை நிறுத்திக்கொள்கிறேன்.

கதை எழுதுகிறவர்கள் ஆட்களை எப்படிப் பிடிக்கிறோம் என்று நினைக்கிறீர்கள்? கைக்கெட்டிய தூரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைத்தான். உறவுக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், பேருந்தில் பக்கத்து இருக்கையில் வாய் ஓயாமல் பேசியவர்கள். பேசத் தெரிந்தவர்களெல்லாம் கதைக்குள் வந்துவிடுகிறார்கள். கதவைத் திறக்காதவர்களுக்கு இடமில்லை. பிறகு, மனிதர்கள் இப்படித்தான் என்று பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறோம். அக்காவிடம் காட்டினால் முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவாள்.

இந்தக் கதையிலும் அப்படி ஓர் ஆள் தயாராக இருக்கிறார். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர். நல்ல மனிதர். கேட்காமலேயே எல்லாம் சொல்வார். அவரை வைத்து எழுதினால் இரண்டே நாளில் முடிந்துவிடும். 'அந்தப் பொண்ணு பாவம் சார், சின்னவ, அவ வாழ்க்கையே அந்தக் கட்டிலோட போச்சு' என்று அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார், நீங்களும் உச்சுக் கொட்டிவிடுவீர்கள். சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, கதைக்குள் வர அவர் வாசலிலேயே நிற்கிறார்.

மன்னிக்க வேண்டும் ஐயா. குலுக்கலில் உங்கள் வீடு விழவில்லை.

6

அந்த வீட்டில் மூன்று பேர். அண்ணன், அக்கா, தங்கை. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு துணிக்கடையில் பழுது பார்க்கும்போது கால் தவறி லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். தலையும் பேச்சும் தப்பின, இடுப்புக்குக் கீழே எதுவும் தப்பவில்லை, கைகளில் கால்வாசி பலம் இருந்தது. புண் வராமலிருக்க அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

தங்கை அப்போது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண் பார்வை சோதிப்பாள். 'இது தெளிவா இருக்கா, இப்ப எப்படி இருக்கு' என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். யாராவது ஒருத்தி வேலையை விட வேண்டும் என்று வந்தபோது வீட்டில் பேச்சு எதுவும் நடக்கவில்லை. அக்காவுக்குச் சம்பளம் அதிகம். தங்கைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் கடை. மருத்துவமனையிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்த மறுநாள் அவள் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்படியே ஆகிவிட்டது. கைக்கெட்டிய தூரத்தில் அவள் இருந்தாள்.

அக்கா அவளிடம் எதையும் கேட்டதில்லை. மருந்து தீர்ந்துவிட்டதா, நர்ஸ் வந்தாளா, சாப்பிட்டாயா என்று கேட்பாள். ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்காக விதவிதமாகக் கேள்வி தயாரிக்கிறவள், வீட்டுக்குள் அதற்கு மேல் போனதில்லை. போனால் என்ன பதில் வரும் என்கிற பயம்தான், வேறென்ன. நேராகவே சொல்லிவிடுகிறேன்: தங்கை தன்னை வெறுக்கிறாள் என்று ஒருவேளை தெரிந்துவிட்டால், மறுநாள் காலையில் எந்த முகத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவது?

7

குடைக்காரிக்கு முகவரிச் சீட்டு மட்டும்தான் தெரியும், அது யார் வீடு என்று தெரியாது. மத்தியானம் போய்விட்டு வந்து சொன்னாள்.

"ஒரு வீட்ல உள்ள சத்தம் கேக்குது மேடம், ஆனா தொறக்கல. பக்கத்து வீட்ல ஒரு பெரியவர் தானாவே வந்து பேசறாரு. எல்லாம் தெரியும்ங்கறாரு. அவரைப் போட்டுக்கட்டுமா?"

"கூடாது. இன்னும் ரெண்டு தடவை இருக்கு."

சொல்லிவிட்டு அக்கா தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அன்று சாயங்காலம் வீட்டில் தங்கை சாதாரணமாகச் சொன்னாள்: "மத்தியானம் யாரோ வந்து கதவத் தட்டினாங்க. அண்ணனுக்குத் துடைச்சுக்கிட்டிருந்தேன், போக முடியல." அக்கா "யாராயிருக்கும்" என்றாள்.

இரண்டாவது தடவை காலையில். இந்த முறை தங்கை கதவைத் திறந்தாள். இப்போது முடியாது, சாயங்காலம் அக்கா வந்தபிறகு என்றால் பேசலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் தவறிவிட்டால் 'பதில் இல்லை'. விதிப்படி, ஒழுங்காக, யாரும் குறை சொல்ல முடியாதபடி அந்த வீடு கணக்கிலிருந்து விடுபட்டுவிடும். அக்கா செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சாயங்காலம் கொஞ்சம் தாமதமாக வீட்டுக்குப் போனால் போதும். அலுவலகத்தில் வேலையா இல்லை?

(இங்கே எனக்கு ஒரு சபலம் வந்தது. 'அவள் பேருந்தைத் தவறவிட்டாள்' என்று எழுதினால் கதை இந்தப் பத்தியோடு முடிந்துவிடும். நானும் தூங்கப் போகலாம். எழுதியும் பார்த்தேன்: 'பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் அதிகமாக இருந்ததால் அவள்'. அதற்கு மேல் பேனா ஓடவில்லை.)

அவள் வழக்கமான பேருந்திலேயே ஏறினாள்.

8

கதவைத் தட்டியபோது திறந்தது அக்கா.

குடைக்காரி சீட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"மேடம், தப்பான வீட்டுக்கு வந்துட்டேனா?"

"சரியான வீடுதான். உள்ள வாங்க."

"நீங்க சொல்லவேயில்லையே மேடம்."

"சொன்னா நீங்க வேற மாதிரி கேப்பீங்க. எல்லா வீட்லயும் கேக்கற மாதிரியே கேளுங்க."

குடைக்காரி குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடமான குரலில் ஆரம்பித்தாள்: "இந்த வீட்ல அவர முக்கியமா கவனிச்சுக்கறது யாரு?"

இந்தக் கேள்வியையும் எழுதியது அக்காதான். 'நானும் தங்கச்சியும்' என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் இருவரில் வாசலில் நிற்பவரைக் கேட்கலாம் என்றும் அவளே எழுதியிருந்தாள். ஒரு சின்ன 'நானும்' போதும்.

"என் தங்கச்சி" என்றாள் அக்கா.

தங்கை ஈரக் கையோடு வந்து நின்றாள். "எதுக்கு நான்? அக்காவையே கேட்டுக்கோங்க. அவளுக்குத்தான் இதெல்லாம் சொல்ல வரும்."

"இல்லம்மா, உங்களத்தான் கேக்கணும். தனியா கேக்கணும்."

சமையலறைதான் தனி. அங்கே ஒரு முக்காலியில் குடைக்காரியும், மாவு டப்பாவின் மேல் தங்கையும் உட்கார்ந்தார்கள். அண்ணனைப் புரட்டும் நேரம் அது. "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அக்கா அறைக்குள் போனாள்.

பாத்துக்கறேன் என்று சொன்னாளே தவிர, எந்தத் தலையணை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தோளைப் பிடித்தால் இடுப்பு வரவில்லை. இடுப்பைப் பிடித்தால் கால் கட்டிலை விட்டு இறங்கியது. அண்ணன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"முட்டிய மொதல்ல மடக்கு. அவ அப்படித்தான் செய்வா. அந்தச் சின்னத் தலையணை முதுகுக்கு, அது இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கறது."

சுவர் மெல்லிசு. குடைக்காரியின் குரல் தெருமுனைவரை கேட்கும் குரல். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், கடைசியாக எப்போது தனியாக வெளியே போனீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. தங்கையின் பதில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. கடைசியாகத் தனியாக வெளியே போனதற்கு மட்டும் பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அக்கா போர்வையின் சுருக்கங்களை நீவிக்கொண்டே இருந்தாள். நீவ இனிச் சுருக்கமே இல்லை.

பிறகு பதினாலாவது கேள்வி. குடைக்காரி அதை முழுசாக, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள்.

அண்ணன் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் காது உண்டு என்பதை அக்கா மறந்துபோயிருந்தாள்.

"இத யாரு எழுதினது?" தங்கையின் குரல், இப்போது தெளிவாக.

"அது வந்து... ஆபீஸ்ல, மேடம்தான்."

"எங்க அக்காவா?"

"ஆமாம்மா."

"இத அவ ஊர்ல எல்லாரையும் கேட்டாளா?" என்றாள் தங்கை. குடைக்காரி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் குரலே முதல்முறையாக இறங்கிப்போயிருந்தது.

(இந்த இடத்தை நான் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். குக்கர் விசில் அடிக்கிறது, பதில் கேட்கவில்லை. ரயில் போகிறது, பதில் கேட்கவில்லை. எல்லாம் மலிவான தந்திரம். எழுத்தாளனுக்குச் சொல்லத் துணிச்சல் இல்லாத இடங்களில்தான் ரயில்கள் போகும். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். அக்கா கேட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அவளும் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நிற்கத் தயாராகத்தான் இருந்தாள்.)

"அந்த ரேடியோவப் போடு" என்றார் அண்ணன்.

"இப்பவா அண்ணா?"

"இப்பத்தான். சத்தமா வை."

அக்கா அசையவில்லை. கொக்கியில் தொங்கிய ரேடியோவை அவரால் எட்ட முடியாது. கையைத் தூக்கப் பார்த்தார், கட்டில் விளிம்போடு அது நின்றுவிட்டது.

"அவளத் தனியாக் கேக்கணும்னுதானே சொன்னாங்க" என்றார். "போடும்மா."

அக்கா ரேடியோவைப் போட்டாள். யாரோ ஒருவர் வானிலை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ கரையோரப் பகுதிகளில் காற்று பலமாக வீசும் என்று அறை முழுக்கக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

9

வேண்டுமென்றால் நான் சமையலறைக்குள் போகலாம். எழுதுகிறவனுக்குப் பூட்டு ஏது? போகவும் செய்தேன்.

(அ) 'அடிக்கடி' என்றாள் தங்கை. இப்படி முடித்தால் நீங்கள் அவளுக்காகப் பரிதாபப்படுவீர்கள். அக்காவைக் கொஞ்சம் திட்டுவீர்கள்.

(ஆ) 'இல்லை' என்றாள் தங்கை. இப்படி முடித்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

(இ) 'பதில் சொல்ல விருப்பமில்லை.' இதை எழுதிவிட்டு, ஆழமாக ஏதோ சொல்லிவிட்ட பெருமையில் நான் தூங்கலாம்.

மூன்றையும் அடித்துவிட்டேன். அவளுக்குப் பதிலாக நான் டிக் அடித்தால், அன்றைக்கு மருத்துவமனைக் கூடத்தில் எனக்குப் பதிலாக டிக் அடித்த பெண்ணுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் வீட்டில் படுக்கையில் யாரும் இல்லை. நான் யாரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்ததில்லை. மழைக்கு ஒதுங்கியவன் நான்.

10

குடைக்காரி தாள்களை உறையில் போட்டு ஒட்டினாள். "முடிஞ்சது மேடம்" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. குடையை மறந்து போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் குடையை மறந்து அக்கா பார்த்ததே இல்லை.

தங்கை அறைக்குள் வந்து ரேடியோவை அணைத்தாள். அண்ணன் படுத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, சின்னத் தலையணையை உருவி வேறு இடத்தில் வைத்தாள். ஒரே இழுப்பில் எல்லாம் சரியாயிற்று. அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறார் என்று இருவரும் நம்பினார்கள், அல்லது நம்புவதாக வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் அந்த உறை அக்காவின் மேஜைக்கு வரும். வீட்டு எண் மேலேயே எழுதியிருக்கும். பிரித்துப் பார்ப்பது அவள் வேலைதான், யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. அதைச் சமையலறை வாசலில் நின்று நினைத்துப் பார்த்தாள். இவ்வளவு நாள் பழகிய வேலையில் முதல்முறையாக ஓர் உறையைத் தொடவே பிடிக்காது என்று தோன்றியது.

தங்கை அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் அக்கா.

"நீ எழுதினதத்தான்."

"பதினாலாவது..."

"அதையும்."

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டாள். அந்தக் கேள்வியையே, எழுதியபடி இல்லாமல், தட்டுத் தடுமாறி, தன் வார்த்தையில் கேட்டாள். "உனக்கு... எப்பவாவது, இதெல்லாம் முடிஞ்சா போதும்னு இருந்திருக்கா?"

தங்கை துணியைப் பிழிந்து காயப் போட்டாள். நிதானமாகக் கையைத் துடைத்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று அக்கா தேடினாள். அசதிதான் தெரிந்தது. அது இருவருக்கும் ஒரே ஜாடையில் இருந்தது.

"மூணு தடவை வந்து கேக்கணும்னு விதி வச்சது நீதானே?" என்றாள் தங்கை. "அந்தம்மா சொன்னாங்க. காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு."

"ஆமா."

"இது சாயங்காலம். இன்னும் ரெண்டு இருக்கு." ஒரு தட்டை எடுத்து அக்கா கையில் கொடுத்தாள். "மத்தியானம் நீ இங்க இருந்ததே இல்லையேக்கா. ஒரு நாள் இருந்து பாரு. அப்புறம் கேளு, சொல்றேன்."

11

மறுநாள் காலையில் அக்கா இயக்குநருக்குப் போன் செய்தாள். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார். இல்லை, வீட்டில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள். சாயங்காலம் போய்ப் பார்க்கலாமே என்றார். அந்த வேளை முடிந்துவிட்டது சார் என்றாள். அவருக்குப் புரியவில்லை. மாத்திரை பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

செருப்பு வாசலிலேயே கிடந்தது.

காலையில் அவள் கேட்டாளா, மத்தியானம் என்ன பார்த்தாள், மூன்றாவது தடவை தங்கை என்ன சொன்னாள் என்பதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தாளும் இருக்கிறது, மையும் இருக்கிறது. ஆனால் அந்தச் சமையலறையில் மூன்றாவது ஆளுக்கு உட்கார ஒன்றுமில்லை. இருப்பது ஒரு முக்காலி, ஒரு மாவு டப்பா.

உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள். அந்த வீடுதான் என்றில்லை. அப்படி ஒரு கதவு உங்களுக்கும் எங்காவது இருக்கும், உங்கள் வீட்டுக்குள்ளேயேகூட. ஒரு வேளையில் திறக்காவிட்டால் இன்னொரு வேளையில் போங்கள். மூன்றாவது தடவையும் திறக்கவில்லையென்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கூட ஒரு வரி சேர்க்காதீர்கள்.

என்னிடம் மட்டும் வந்து கேட்காதீர்கள். நான் பக்கத்து வீடு.